மூன்று நொடிச் சத்தம்

பழைய வண்டி பார்க்கப் போனால் என் அண்ணன் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். கேட்டைத் திறந்ததும் நேராகப் போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். குளிர்ந்திருந்தால்தான் விற்பவரின் முகத்தையே பார்ப்பார். சூடாக இருந்தால், "நாளைக்குக் காலையில வர்றேன். நான் தொட்டுப் பாத்த பிறகு சாவி போடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பார். ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன இஞ்சின், எழுந்திருக்கும்போது முதல் மூன்று நொடிதான் உண்மை பேசும் என்பார். ஆயில் மேலே ஏறி எல்லாவற்றையும் நனைத்த பிறகு, தேய்ந்த இஞ்சினும் நல்ல இஞ்சினும் ஒரே மாதிரிதான் ஓடும்.

அவர் போய் இருபத்து மூன்று நாள் ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தக் கைதான் முதலில் வருகிறது. நகக்கண்ணில் கறுப்பு ஏறிய, எவ்வளவு சோப்புப் போட்டாலும் டீசல் வாடை போகாத கை.

முப்பத்தோரு வருடம் டீசல் பட்டறையில் வேலை பார்த்தார். தகரக் கூரை. ஒரு பக்கம் கிரைண்டர் அலறும், மறுபக்கம் போல்ட் கழற்றும் காற்று கன் தடதடக்கும். அதற்கு நடுவில், மரப்பிடி போட்ட நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் இஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். எது தேய்ந்திருக்கிறது, எது இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்வார். அதனால் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். எங்கள் அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் இருந்தது.

சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தவர்கள், பட்டறைக்கு வந்துபோன யாரோ, எவர் பழைய வண்டி வாங்கினாலும் அவரைக் கூட்டிப் போவார்கள். கூலி ஒரு டீ. புகையைப் பற்றி அவரிடம் ஒரு பாடமே உண்டு. "நீலமா வந்தா ஆயில் எரியுது, வெள்ளையா வந்தா தண்ணி எரியுது, கறுப்பா வந்தா டீசல் எரியுது. ஒண்ணுமே வரலேன்னா வெலையைக் கேட்டு வாங்குறவன் வயிறு எரியப் போகுது." ஒருமுறை ஒரு புரோக்கர், இது ஒரு டாக்டர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்த வண்டி என்று சத்தியம் செய்தார். அண்ணன் குனிந்து, மொட்டையாய்த் தேய்ந்திருந்த பிரேக் மிதியைப் பார்த்தார். "பாவம் அந்த டாக்டர். வாரத்துல ஏழு நாளும் அவருக்கு ஞாயித்துக்கிழமைதான் போல" என்றார்.

வண்டி பார்க்கும்போது யாரிடமும் அபிப்பிராயம் கேட்க மாட்டார். வாங்க வந்தவர் வாயைத் திறந்தால், "இஞ்சின் பேசும்போது நீங்க பேசாதீங்க சார். ஒரே நேரத்துல ரெண்டு பேர் பேசினா எனக்குப் புரியாது" என்று டீக்கடைக்கு அனுப்பிவிடுவார். இதை இங்கே சொல்லி வைக்கிறேன். பிறகு தேவைப்படும்.

இன்னொன்று. சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் தெருமுனை திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிடும். பின்கட்டுக் குழாய் சொட்டினால் தூங்க மாட்டேன். "நிஜமான காது இவளுக்குத்தான். பேரு மட்டும் எனக்கு" என்று எல்லோரிடமும் சொல்வார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான பிறகும், "கடைசி பெஞ்சுல முணுமுணுத்தாக்கூட எங்க பாப்பாவுக்குக் கேக்கும், பசங்க பாவம்" என்பார்.

ஐம்பது தாண்டியதும் அவர் வீட்டு டிவியின் சத்தம் ஏறியது. அழைப்பு மணியை நாம் அடித்துக்கொண்டே இருப்போம், அவர் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அண்ணிதான் உள்ளேயிருந்து ஓடி வருவார். "மணி அடிச்சா உங்கண்ணனுக்குக் கேக்காது. நான் அடுப்படியில இவரைப் பத்தி முனகினா மட்டும் டக்குனு கேட்டுடும்" என்பார். அண்ணன் அசராமல், "தேவையான சத்தம் மட்டும்தான் எனக்குக் கேக்கும்" என்பார். நாங்கள் சிரிப்போம். எத்தனை முறை சிரித்திருப்போம்.

என் மாமியாருக்கு இடுப்பு எலும்பு உடைந்த பிறகு எங்கள் சின்னக் காரில் அவரை ஏற்ற முடியவில்லை. காலை மடக்க முடியாது. சக்கர நாற்காலியை டிக்கியில் திணித்தால் மூடி மூடாது. ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் என் கணவர் அவரைத் தூக்கி உட்காரவைப்பதற்குள் அம்மாவும் பிள்ளையும் இருவருமே அழுகிற நிலைக்கு வந்துவிடுவார்கள். உயரமான, ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி ஒன்று வேண்டும். புதியது எங்களுக்கு எட்டாது. அண்ணனிடம் சொன்னோம்.

முதல் வண்டியின் பானெட் சூடாக இருந்தது. இரண்டாவதில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே வெண்ணெய் மாதிரி நுரை. "ஆயிலும் தண்ணியும் குடும்பம் நடத்துது. வேணாம் மாப்பிள்ளை" என்றார். மூன்றாவது, ஊர் மாற்றிப் போகிற ஒரு அதிகாரியின் வண்டி. சாம்பல் நிறம், ஒரே கை ஓட்டியது. முதல் நாள் சாயங்காலம் அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"பாப்பா, நாளைக்கு நீயும் வா."

"நான் எதுக்குண்ணா? அவர் வர்றாரே."

"நீதானே உக்காந்து போகப் போற. வந்து பாரு."

அவர் அப்படி யாரையும் கூப்பிட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

காலை ஆறு மணி. அந்த வீட்டு முற்றத்தில் சிமெண்ட் தரை அப்போதுதான் கழுவி ஈரமாக இருந்தது. அண்ணன் பானெட்டில் கை வைத்தார். குளிர்ந்திருந்தது. ஆயில் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தார், டயர்களைத் தடவினார், மிதிகளைப் பார்த்தார். என் கணவர் வழக்கப்படி டீக்கடைக்குக் கிளம்பினார். நானும் திரும்பியபோது, "நீ இரு. இங்க வந்து நில்லு" என்று இஞ்சினுக்குப் பக்கத்தில் இடம் காட்டினார். அதிகாரி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

தகர டப்பாவில் காய்ந்த விதைகளைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். கிலுகிலுவென்று, மெல்லியதாக, கூர்மையாக. மூன்று நொடி. பிறகு அது அடங்கி, இஞ்சின் ஒரே சீராக உறுமியது.

எனக்குத் தெளிவாகக் கேட்டது. நிமிர்ந்தேன். அண்ணன் இஞ்சினைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. வண்டி பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார் என நினைத்தேன். காதுக்காரர் நிற்கும்போது சத்தத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? சிரித்தேன்.

இஞ்சினை நிறுத்தச் சொல்லி மறுபடி போடச் சொன்னார். இந்த முறை சத்தம் இல்லை. ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் காதில் வைத்தார், எடுத்தார், வேறு இடத்தில் வைத்தார். வெகுநேரம். பிறகு, "எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"என்னையா கேக்குற? நீ சொல்லுண்ணா. நீ சொன்னா சரி."

ஸ்க்ரூடிரைவரைத் துணியில் துடைத்துக்கொண்டே சற்று நின்றார். பானெட்டை மூடினார். "எடுத்துக்கலாம்" என்றார்.

மாமியார் முதன்முதலில் அந்த வண்டியில் அழாமல் ஏறினார். "ராணி மாதிரி இருக்கேன்டா" என்று பிள்ளையிடம் சொன்னார். நாற்காலி பின்னால் தாராளமாகப் படுத்தது. தினமும் காலையில் அந்த மூன்று நொடி விதைச் சத்தம் கேட்கும், அடங்கும். மூன்றாவது மாதம் என் கணவர் ஒருநாள் ஷூ மாட்டிக்கொண்டே, "ஸ்டார்ட் பண்ணும்போது ஏதோ கிலுகிலுங்குது, கவனிச்சியா? வேற யார்கிட்டயாவது காட்டுவோமா?" என்றார்.

"எங்கண்ணன் பாத்த வண்டிங்க. வேற ஒருத்தர்கிட்ட காட்டினா அவர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"அதுவும் சரிதான்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஐந்தாவது மாதம் என் கணவர், தன் அம்மாவை என் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலை இறக்கத்தில் இஞ்சின் ஒரேயடியாக நின்றது. இஞ்சின் நின்றால் ஸ்டியரிங் இரும்பாகிவிடும், பிரேக் மிதி கல்லாகிவிடும். ஓரம் கட்ட முயன்றிருக்கிறார். பாதி வண்டி ஓரத்துக்குப் போயிருந்தது. மீதிப் பாதியில் பின்னால் வந்த லாரி மோதியது. அவர் அங்கேயே போய்விட்டார். எங்களுக்குத் தகவல் வந்தபோது நான் ஏழாம் வகுப்புக்குப் பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தேன்.

நசுங்கிய வண்டியைப் போட்டிருந்த இடத்துக்கு அண்ணன் தனியாகப் போய், அனுமதி வாங்கி, இஞ்சினைத் தன் கையாலேயே பிரித்திருக்கிறார். ஒரு மாதம் கழித்து என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை எடுத்தார். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு, நடுவில் ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தது.

"இஞ்சினுக்குள்ள ஓடுற செயின் அந்து போயிருக்கு. செயின் ஆடாம இருக்க இதுமேலதான் ஓடும். தேஞ்சு போச்சுன்னா காலையில ஸ்டார்ட் பண்றப்போ செயின் அடிச்சுக்கும்." அவர் என்னைப் பார்க்கவில்லை, துண்டைத்தான் பார்த்தார். "இவ்வளவு தேய அஞ்சு மாசம் பத்தாது. நாம வாங்குறப்பவே..."

நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"அன்னைக்குக் காலையில உனக்கு ஏதாவது கேட்டுச்சாம்மா?"

சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த அறையில் மாமியார் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

"இல்லண்ணா. ஒண்ணும் கேக்கல."

"நிஜமா?"

"நிஜமா."

தலையாட்டினார். துண்டை மறுபடி செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அவருக்காகத்தான் பொய் சொன்னேன் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான். கேட்டது என்று சொல்லியிருந்தால், அப்போது ஏன் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வந்திருக்கும்.

அதன் பிறகு அவர் எந்த வண்டியையும் பார்க்கப் போகவில்லை. வந்தவர்களிடம், "விட்டுட்டேன் சார்" என்று மட்டும் சொல்வார். பட்டறையிலும் டயர் மாற்றுவது, ஆயில் ஊற்றுவது என்று காது வேண்டாத வேலைகளாகப் பார்த்துச் செய்தார். ஒன்றரை வருடம். உடம்பு சட்டைக்குள் சுருங்கிக்கொண்டே போனது. போன மாதம் ஒரு மத்தியானம் பட்டறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நேற்று அண்ணி கூப்பிட்டார். அவருடைய கருவிப் பெட்டியைப் பட்டறைக்காரர்கள் கேட்கிறார்களாம், கொடுப்பதற்கு முன் எனக்கு ஏதாவது வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார். போனேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் வைத்திருந்த அதே சத்தம், அண்ணி இன்னும் குறைக்கவில்லை. பெட்டியின் மேல்தட்டில் அந்த ஸ்க்ரூடிரைவர் இருந்தது. கீழ்த்தட்டில், ஸ்பேனர்களுக்கு அடியில், நாலாக மடித்த ஒரு தாள். மடிப்பில் ஆயில் ஊறியிருந்தது.

காது பரிசோதனைச் சீட்டு. வண்டி வாங்குவதற்கு இரண்டு மாதம் முந்திய தேதி. ஒரு வரைபடம், இரண்டு கோடுகள் இடப்பக்கம் சமமாகப் போய், நடுவில் இரண்டுமே கிணற்றுக்குள் விழுந்தது போலச் சரிந்திருந்தன. நான் கணக்கு டீச்சர், வரைபடம் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழே பேனாவால் எழுதியிருந்தது: இரு காதுகளிலும் மெல்லிய, கூர்மையான ஒலிகள் கேட்காது. கருவி பொருத்திக்கொள்ள வேண்டும்.

கருவி மாட்டிய ஒருவரை யார் காதுக்காரர் என்று கூட்டிப் போவார்கள்? அதனால்தான் என்னைக் கூட்டிப் போயிருக்கிறார். என்னை இஞ்சினுக்குப் பக்கத்தில் நிறுத்தி, தனக்குக் கேட்காததை என் முகத்தில் தேடியிருக்கிறார். நான் அவரை நம்பி வாயை மூடிக்கொண்டேன். அவர் என்னை நம்பி பானெட்டை மூடினார். ஒரு வார்த்தை, "எனக்குச் சரியா கேக்கல பாப்பா" என்று ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். கோபம் வருகிறது. அதே மாதிரி ஒரு வார்த்தையை நானும் சொல்லியிருக்கலாம் என்று நினைத்ததும் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என் பொய்யை அவர் நம்பினாரா? அவ்வளவு பள்ளம் விழுந்த துண்டைக் கையில் வைத்திருந்தவர் நம்பியிருக்க முடியுமா? அவர் குடிக்காமல் போன தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது.

"என்னது அது பேப்பரு?" என்று அண்ணி அடுப்படியிலிருந்து கேட்டார்.

"பழைய ரசீது அண்ணி."

"என்ன?"

"ஒண்ணுமில்ல! பழைய ரசீது!"

டிவி சத்தத்தில், கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.