கூட்டுக்கு முன்னால் வெட்டிய மூன்று கிளைகள்

1. ரிலாக்ஸ் டிரிப்

பினாங்கில் பதினெட்டு வருடம் பறவை கைடாக இருந்தேன். முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போது ஜார்ஜ் டவுனில் வீட்டோடு இருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் நான் பார்த்த அபூர்வப் பறவைகளைப் பற்றித்தான். அதை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் நினைத்து வெட்கப்படும் ஒரு பயணத்தைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியில் ரிலாக்ஸ் டிரிப் என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் வயதானவர்கள்தான் வருவார்கள். பினாங்கின் இரண்டாம் பாலத்தைத் தாண்டி, பத்து காவான் என்ற ஊரின் படகுத்துறை வரை வேன், அங்கிருந்து பாக் மாட் என்ற மலாய் மீனவரின் படகில் ஒரு சின்னத் தீவுக்கு. அலையாத்திக் காட்டோரம் மெதுவாக ஒரு நடை, மதியம் இறால் மீ நூடுல்ஸ், அதற்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம், ராத்தங்கல் ஹோம்ஸ்டேயில். பெரிய கேமராக்காரர்களோடு மலையேறும் கைடுகள் இதைக் கிண்டல் செய்வார்கள். எனக்கோ இந்தப் பயணம்தான் பிடிக்கும். ஒரு மீன்கொத்தியைப் பார்த்துவிட்டுக் கை தட்டும் கஸ்டமர்கள் வேறு எங்கே கிடைப்பார்கள்?

மூன்று வருடத்துக்கு முன்பு அப்படி வந்த ஆறு பேரில் ஒருவர் சரோஜா டீச்சர். எழுபத்திரண்டு வயது. தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு பள்ளியில் சயின்ஸ் சொல்லிக் கொடுத்தவர். இடது கண் பார்வை போய்விட்டது. வலது கண்ணும் மங்கிக்கொண்டிருந்தது.

படகில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வசந்தி, இந்தக் கண்ணுக்கும் டாக்டரு கெடு குடுத்துட்டாரு லா. அதுக்குள்ள கூட்டுல குஞ்சு வாயத் தொறக்குறத நேர்ல ஒரு தடவ பாத்துடணும். எத்தன வருஷம் போர்டுல வரைஞ்சு காட்டியிருக்கேன், நான் பாத்ததே இல்ல."

"நான் காட்டுறேன் டீச்சர்," என்றேன். யோசிக்காமல் சொன்ன வாக்கு அது.

2. கார்டனிங்

அந்தத் தீவில் ஒரு விசிறிவால் குருவி கூடு கட்டியிருந்தது எனக்கு முன்பே தெரியும். சாதாரணப் பறவைதான். ஒரு இடத்தில் நிற்காமல் வாலை விரித்துக்கொண்டு ஆடுவதால் மலாய்க்காரர்கள் அதை 'முராய் கீலா' என்பார்கள், பைத்தியக்காரக் குருவி என்று. சின்னக் கிண்ணம் போன்ற கூடு, தோள் உயரத்தில், இலைகளுக்குள். குஞ்சு பொரித்து இரண்டு நாள்தான் இருக்கும்.

பாதையில் தூரமாக நின்று, முக்காலியில் ஸ்கோப் என்ற தொலைநோக்கியைப் பொருத்தினேன். கூட்டின் விளிம்பு மட்டும் தெரிந்தது, மற்றதை இலை மறைத்தது. மற்ற ஐந்து பேரும் "பரவாயில்ல லா" என்று நகர்ந்துவிட்டார்கள். டீச்சர் மட்டும் கண்ணை எடுக்கவில்லை.

"பச்சையா தெரியுது. வேற ஒண்ணும் தெரியல மா. உனக்குத் தெரியுதா?"

படம் எடுப்பதற்காகக் கூட்டை மறைக்கும் இலைகளை வெட்டுவதற்கு எங்கள் தொழிலில் கார்டனிங் என்று பெயர். அப்படி வெட்டிய ஒரு கேமராக்காரரை நான் ஒருமுறை நடுக்காட்டில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். அதே நான் ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தேன்.

"ஜாங்கான் லா, காக்," என்றார் பாக் மாட். வேண்டாம் அக்கா என்று அர்த்தம். காக்கா கண்ணில் பட்டுவிடும் என்றும் மலாயில் சொன்னார். அவர் மீன் பிடிக்கிறவர், பறவை படித்தவரில்லை. கொஞ்ச நேரம்தானே என்று அவருக்குப் பதில் சொன்னேன்.

மூன்று சின்னக் கிளைகள்தான் வெட்டினேன். தாய்க்குருவி புழுவோடு வந்தது. டீச்சர் ஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

"ஐயோ, ரெண்டு! வாய் உள்ள மஞ்சளா இருக்கு வசந்தி. கண்ணே தொறக்கல பாரு. உடம்புல ஒரு இறகு இல்ல." என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

3. காலிக் கூடு

மறுநாள் காலை எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். கூடு ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. குஞ்சுகள் இல்லை. நான் வெட்டிய இடைவெளி வழியாகக் கூடு பாதையிலிருந்தே தெரிந்தது. தாயும் தகப்பனும் பக்கத்துக் கிளையில் வாலை விரித்து விரித்து ஆடிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

திரும்பி வந்தபோது டீச்சர் தொப்பியை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"போலாமா? கிளம்புறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ பாத்துடுறேன்."

"பறந்து போச்சு டீச்சர்," என்றேன். "காலையிலேயே ரெண்டும் பறந்து போச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ எனக்குத் தெரியாது. "அப்படியா," என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். படகில் வரும்போது அதிகம் பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

4. பட்டர்வொர்த்தில் ஒரு மதியம்

அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் டீச்சர் போன் செய்வார். என் முழங்காலைப் பற்றிக் கேட்பார். குஞ்சுகளைப் பற்றிக் கேட்டதே இல்லை. மறந்துவிட்டார், நல்லதாகப் போயிற்று என்று இருந்தேன். பொய் சொன்னது அவருடைய சந்தோஷத்துக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லியும் வைத்திருந்தேன்.

வேலையை விட்ட பிறகு மனம் கேட்கவில்லை. இந்த வருடம் ஃபெரி ஏறி பட்டர்வொர்த்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். வலது கண்ணும் போய்விட்டிருந்தது. சுவரைத் தடவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"தெரியும் மா," என்றார். "சயின்ஸ் டீச்சர்கிட்டயா சொல்ற? கண்ணு தொறக்காத குஞ்சு, இறகு இல்லாத குஞ்சு, ஒரே நாள்ல எப்படிப் பறக்கும்?"

"அப்ப ஏன் டீச்சர் என்னக் கேக்கல?"

"என்னத்தக் கேக்குறது? எனக்குக் காட்டத்தானே நீ வெட்டுன. என் ஆசையாலதான் செத்துச்சுன்னு நீ நெனைக்கிற, அத மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாமதான் நீ பொய் சொல்றன்னு நெனச்சேன். மத்த எதுவும் இப்ப சரியா ஞாபகத்துல இல்ல வசந்தி. அந்த ரெண்டு வாயி மட்டும் அப்படியே தெரியுது."

"நீங்க வெட்டச் சொல்லலையே டீச்சர். அது என் திமிரு. முழுக்க என் தப்பு."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல," என்றார். குரலில் கோபமில்லை. கோபமாகவாவது பேசியிருக்கலாம் என்று இருந்தது எனக்கு.

கூட்டில் கை வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலுக்கு வரும் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லப்படும். எனக்கும் சொன்னார்கள். அதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தப்பு நடந்துவிட்டால், படகு கரைக்கு வருவதற்குள் அதைக் கஸ்டமரிடம் சொல்லிவிடுங்கள். அன்று நான் வாயைத் திறந்திருந்தால் டீச்சருக்கு என்மேல் ஆத்திரம் வந்திருக்கும். பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளாமல், என்னைத் திட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.