உயிரோடிருப்பதற்குச் சான்று

பண்டாரவளையில் கோவா பயிரிட்ட அந்த மனுஷர் பர்மாவில் போரிட்டவர். உயிரோடிருப்பதை நிரூபிக்க வருஷத்துக்கு ஒருமுறை பதுளையில் எங்கள் பென்ஷன் கந்தோருக்கு வருவார். அவருடைய பென்ஷன் பத்திரங்கள் என் பொறுப்பு. எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு போர்க்கதை கேட்பார்கள். என்னிடம் யாரும் நேரம்கூடக் கேட்டதில்லை.

ஒருமுறை, "நீங்கள் உயிரோட இருக்கிறீங்கள் எண்டு ஊர் விதானையார் தாற கடிதம் எங்கே?" என்றேன்.

"உசுரோட முன்னாலயே நிக்கிறேனுங்களே ஐயா! தொட்டுப் பாருங்க."

கந்தோரே சிரித்தது. கடிதமில்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பினேன். விதி என் பக்கம்தான். மறுநாள் கடிதத்தோடு வந்தார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அவர் இறந்தபோது எல்லோரும் அரைநாள் லீவு கேட்டார்கள். உறவினர் சாவுக்கு மட்டுமே லீவு என்ற விதியைக் காட்டினேன்.

"அப்ப சம்பளத்தை வெட்டுங்கோ" என்று போய்விட்டார்கள்.

என் சாவுக்கு யார் சம்பளத்தை விடுவார்கள் என்று தனியே இருந்து யோசித்தேன். ஒரு பெயரும் வரவில்லை.