மடிப்பு வைத்த புல்

உதட்டில் ஊசிகளை இடுக்கிக்கொண்டே ஊர்வம்பு முழுவதும் பேசத் தெரிந்தவள் பொத்தான் அக்கா. தெருவில் பாதிப்பேர் சட்டையில் அவள் தைத்த பொத்தான்தான். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. தையல் அறைக்குப் பின்னால் இரண்டு பாய் விரிக்கும் அளவுக்கு மண் தரை. அதுதான் அவள் தோட்டம், அரண்மனை, எல்லாம்.

அதன்மேல்தான் தம்பி கண் வைத்தான். புது வண்டி நிறுத்த சிமென்ட் தளம் வேண்டுமாம்.

"அங்க என்னக்கா இருக்கு? வெறும் புல்லுதானே?"

"புல்லா? அஞ்சாறு கன்னு முளைச்சிருக்கு, கண்ணு தெரியலையா?"

"கன்னுன்னா அடியில விதை இருக்கணும். தோண்டிக் காட்டு. இருந்தா வண்டி தெருவிலயே நிக்கட்டும். இல்லேன்னா நாளைக்கே கொத்தனார்."

வீறாப்பாகத் தலையாட்டிவிட்டாள். மெஷினிலிருந்து நிமிர்ந்தால் பார்க்க அவளுக்கு வேறு பச்சை கிடையாது.

ஒரு கன்றைப் பிடித்து நேராக இழுத்தாள். வேர் வந்தது, விதை வரவில்லை. குழிக்குள் துழாவினாள், மண்தான்.

"நான்தான் சொன்னேனே!" தம்பி மீசையை முறுக்கினான்.

அவள் இலையைத் தடவிப் பார்த்தாள். நீளவாக்கில் மடிப்பு, இஸ்திரி போட்ட விறைப்பு.

"டேய், புல்லுக்கு எவன்டா இப்படி மடிப்பு வெச்சுத் தருவான்?"

"அதெல்லாம் செல்லாது. விதை எங்க?"

அடுத்த கன்றை அவள் இழுக்கவில்லை. தையல் பிரிக்கும் பொறுமையோடு கரண்டியால் மண்ணை விலக்கினாள். தண்டின் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு நரம்பு பக்கவாட்டில் கிளம்பி ஓடியது. விரல் நீளம் தள்ளி, அதன் நுனியில், நெடுகக் கீறல் விழுந்த பழுப்புக் கொட்டை. முதல் கன்றில் அந்த நரம்பை அவளே அறுத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"பேரீச்சைடா! பனை ஜாதி. விதை ஒரு பக்கம், முளை ஒரு பக்கம்!" சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள்.

"நாம நடவே இல்லையே?"

அக்கா தோட்டத்துப் பக்கம் திறக்கும் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். சாப்பிட்டதும் அங்கே சாய்ந்து, பேரீச்சம்பழம் மென்று, கொட்டையை வெளியே துப்புகிற ஆள் அந்த வீட்டில் ஒருவன்தான். திட்டித் திட்டி அவள் வாய்தான் வலித்திருக்கிறது.

தம்பி அசடு வழிந்தான். குனிந்து, தோண்டிய கன்றைச் சுற்றி மண்ணை அணைத்துவிட்டான்.

"எப்போக்கா காய்க்கும்?"

"அதுவரைக்கும் உனக்குப் பல்லு இருந்தா பாரு."

அவன் ஃபோனை எடுத்துக் கொத்தனாரை அழைத்தான். "அண்ணே, நாளைக்கு வர வேணாம். அந்த இடத்துல நான் மரம் வெச்சிருக்கேன்."