மாமாவின் சாமான் அறை

மாமா வளவின் பின்புறத்தில், கிணற்றுக்கும் மாமரத்துக்கும் நடுவே ஒரு பன்பாயை விரித்து, அதன் நாலு மூலையிலும் குச்சி நட்டார். பிறகு பாயை அப்படியே பக்கத்தில் புரட்டிப் போட்டு இன்னும் இரண்டு குச்சி நட்டார். வேலைக்குப் போகச் சைக்கிளை வெளியே எடுத்துக்கொண்டு நின்ற நான் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். மனைவியின் தகப்பன் முன்னால் உரிமையோடு சிரிக்கிற அளவுக்குப் பழக்கம் இன்னும் வரவில்லை. இருந்தும், பாயால் நிலம் அளக்கிற ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அன்று பின்னேரம் வேலைத்தலத்திலிருந்து ஓர் அளவுநாடாவைக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, "நல்லது மருமகன்" என்றார். ஆனால் குச்சிகளைப் பிடுங்கவில்லை. அந்தக் குச்சிகளின் இடைவெளியை நாடாவால் அளந்து, அதே அளவைத்தான் ஒரு துண்டில் எழுதிக்கொண்டார்.

நான் பெரியகல்லாற்றில் பிறந்தவன். எங்கள் வீட்டில் ஐந்தும் ஆண் பிள்ளைகள். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் போகும்; ஆண் பிள்ளைகள் கல்யாணம் முடித்ததும் மனைவி வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் ஐந்து பேரும் அப்படி ஒவ்வொருவராக வெளியேறியவர்கள். அக்கா தங்கை இல்லாத வீடு என்பதால், வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்த பிறகு தாயும் தகப்பனும் என்ன செய்வார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்ததில்லை. யாரும் எனக்குச் சொல்லித் தரவும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விசயத்தை யார்தான் உட்கார்த்திவைத்துச் சொல்லித் தருவார்கள்?

வந்தாறுமூலையில் என் மனைவி ஒரே பிள்ளை. வீட்டில் ஒரு விறாந்தை, ஓர் அறை, சமைக்க ஒரு குசினி, அவ்வளவுதான். அறை எங்களுக்கு. மாமாவும் மாமியும் விறாந்தையில் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்தார்கள். மாமி நான் இருக்கிற இடத்தில் இருக்கமாட்டார். நான் கதிரையில் வந்து உட்கார்ந்தால், கையில் இருக்கிற வேலையையும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார். என்னோடு பேச வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம்தான் சொல்லுவார். மருமகனுக்குக் கொடுக்கிற மரியாதை அது. எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை ஒளிப்பானேன்.

அப்போது நான் செங்கலடியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் களஞ்சியக் காப்பாளன். அரிசி, சீனி, உரம் எதை எப்படி அடுக்கினால் எலியும் ஈரமும் அண்டாது என்பது எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. சாமான் போட ஓர் அறை கட்டப்போவதாக மாமா சொன்னதும் நான் சும்மா இருக்கவில்லை.

"என்னத்துக்கு மாமா கட்டுறீங்க? சங்கத்தில பழைய தகரக் கொட்டகை ஒண்டு கழிச்சுப்போட இரிக்கு. அத வாங்குவம். கழட்டிக் கொண்டுவந்து ஒரு நாளையில பூட்டிப்போடலாம்."

அவர் குச்சி ஒன்றை மண்ணுக்குள் இன்னும் ஆழமாக அழுத்தினார். "தகரம் வெயிலுக்குக் கொதிக்கும் மருமகன்" என்றார்.

"நெல்லுக்கு வெயில் என்ன செய்யும் மாமா?"

"ஓம். நெல்லுக்கு ஒண்டும் செய்யாதுதான்."

ஆனால் ஒரு கிழமை கழித்து மணலும் கல்லும் வந்து இறங்கின. சொன்னால் கேட்காத மனிதர் என்று மனைவியிடம் முறையிட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் போட்டாள்.

அத்திவாரம் எழும்பி, சுவர் இடுப்பளவு வந்தபோது மேசன், "யன்னல் எந்தப் பக்கம் வைக்கிற?" என்று கேட்டார். மாமா வளவுக்கு அப்பால் தெரிந்த வாவிப் பக்கத்தைக் கைகாட்டி, "இஞ்சால வைப்பம், காத்து வரும்" என்றார். நான் குறுக்கே புகுந்தேன். களஞ்சியத்துக்கு யன்னல் வைத்தால் மாரிக்குச் சாரல் அடிக்கும், நெல் ஈரம் பிடிக்கும், கள்ளனுக்கும் அது நல்ல வழி என்று ஒரு வகுப்பே எடுத்தேன். மேசன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மருமகன் களஞ்சியத்தில வேலை செய்யிறவர். அவர் சொன்னாச் சரிதான். யன்னல் வேணாம்" என்றார்.

என் சொல் எடுபட்டது என்று அன்று எனக்கு நல்ல சந்தோசம். நாடாவைச் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவையாவது நல்ல பலகையில் போடுங்கள் என்று மேசனுக்கு இன்னொரு புத்தியும் சொல்லிவிட்டு வந்தேன்.

அறை முடிந்த கிழமையில் ஒரு வெள்ளிக்கிழமை. வேலை விட்டு வந்து சைக்கிளைச் சாத்தும்போது பின்வளவிலிருந்து பால் பொங்கிய வாசம் வந்தது. சாமான் அறைக்கு யாராவது பால் காய்ச்சுவார்களா என்று கேலி செய்கிற நினைப்போடுதான் பின்னால் போனேன். வாசலில் மாக்கோலம் போட்டிருந்தது. உள்ளே சாமி படம் ஒன்று, மாமியின் றங்குப்பெட்டி, கொடியில் மாமாவின் இரண்டு சாரம். நிலத்தில் இரண்டு பாய் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் கிடந்தன. சுவருக்கும் பாய்க்கும் இடையில் ஒரு சாண்கூட மிச்சமில்லை. நெல் மூட்டைகள் விறாந்தையில் போட்டது போட்டபடி கிடந்தன. என்னைக் கண்டதும் மாமி எழும்பிச் சுவரோடு ஒதுங்கினார். ஒதுங்குவதற்கு அங்கே இடம் இல்லை. மாமா சிரித்துக்கொண்டு, "வாங்க மருமகன், பால் குடிங்க" என்றார். நான் குடித்தேன். என்ன ருசி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

குசினியில் மனைவியிடம் போய், இது என்ன வேலை என்று கேட்டேன். அவள் திகைத்துப்போனாள்.

"உங்களுக்குத் தெரியும் எண்டுதானே நினைச்சன். வீடு நமக்கு எழுதியாச்சு. மருமகன் வந்த வீட்டில அவங்க எத்தின நாளைக்கு விறாந்தையில கிடக்கிற? சாமான் அறை எண்டு சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுற. நாம போறம், ஒதுங்குறம் எண்டு வாயால சொல்லுவாங்களா?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "தெரிஞ்சுகொண்டுதான் நீங்க யன்னல் வேணாம் எண்டீங்க எண்டு அப்பா நினைச்சிரிப்பார்."

அந்தப் பேச்சு என் நெஞ்சில் தைத்து நின்றது. உடனே ஓடிப்போய், மாமா, எனக்குத் தெரியாது, நான் நெல்லை நினைத்துத்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் ஊர் வழக்கம் தெரியாத மடையன் என்று ஆகிவிடுவேனோ என்று வெட்கம். மடையன் ஆவதைவிடக் கல்நெஞ்சன் ஆவது அன்றைக்கு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஒன்பது வருடம் மாமா அந்த அறையில் இருந்தார். பங்குனி, சித்திரை வெயிலில் உள்ளே புழுங்கும். கதவைச் சாத்தாமல், வாசற்படியில் முதுகைக் கொடுத்துத்தான் உட்கார்ந்திருப்பார். மாரியில் கதவைத் திறக்க முடியாது. பட்டப்பகலில் விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு மாமி அரிசி பொறுக்குவார். மேசன் ஒருவரைக் கூப்பிட்டு அரை நாளில் அந்தச் சுவரை உடைத்து ஒரு யன்னல் வைத்திருக்கலாம். அந்த நினைப்பு எனக்கு ஒவ்வொரு வருடமும் வந்தது. வைத்தால், நான் செய்தது பிழை என்று நானே ஊருக்குச் சொன்னதாகிவிடும். அடுத்த போகம் வெட்டட்டும், பிள்ளை பிறக்கட்டும், மழை விடட்டும் என்று நாளைக் கடத்தினேன். ஒரேயொரு முறை, அவருக்கு இருமல் கூடிய வருடம், வாசலில் நின்று, "வீட்டுக்குள்ள வந்து படுங்களன் மாமா" என்று கேட்டேன். வருமாறு கேட்கிறவன் குரல் அல்ல அது. கேட்டுவைத்தால் போதும் என்கிற குரல். அவருக்கு அது விளங்கியிருக்கும்.

"அங்க வந்தா உங்களுக்கும் கூச்சம், மாமிக்கும் கூச்சம். இஞ்ச நல்ல காத்தோட்டமா இரிக்கு மருமகன்" என்றார்.

எனக்காக அவர் சொன்ன பொய் அது. அடுத்த மாரியில் அவர் அதே அறையில் காலமானார். வயதும் வருத்தமும்தான் காரணம் என்றார்கள். அந்த அறைதான் அவரைக் கொண்டுபோனது என்று ஒருவரும் சொன்னதில்லை. நான்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். மாமி அதற்குப் பிறகு வீட்டுக்குள் வந்து, தன் காலம் முடியும் வரைக்கும் குசினிக்குப் பக்கத்தில் படுத்தார். அறையில் நெல்லும் மருந்தடிக்கிற மெசினும் மண்வெட்டிகளும் ஏறின. கட்டி ஒன்பது வருடத்துக்குப் பிறகு அது உண்மையான சாமான் அறை ஆனது.

போன மாரியில் அதன் கூரை மரங்களைக் கறையான் தின்று, கூரை இறங்கியதில் வாவிப் பக்கத்துச் சுவரும் விழுந்தது. மிச்சத்தை நானே இடித்துத் தள்ளினேன். சாமான்கள் எல்லாம் மாமரத்தடியில் படங்குத் துணியால் மூடிக் கிடக்கின்றன. எங்கள் மகளுக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். வீட்டை அவள் பேரில் எழுதியாகிவிட்டது. இந்த நேரத்தில்தான் வாங்குவதா கட்டுவதா என்ற கதை எங்கள் வீட்டில் மறுபடியும் தொடங்கியது. செங்கலடியில் இப்போது தகரத்தில் சாமான் கொட்டில்களைத் தயாராகவே செய்து வைத்து விற்கிறார்கள். லொறியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். மகள் பார்த்துவிட்டு வந்து, அதுதான் வேண்டும் என்று நின்றாள். நான் கல்லால் கட்டவேண்டும் என்று நின்றேன். ஒரு கொப்பித் தாளில் படம் கீறினேன். சீமெந்து நிலம், ஓட்டுக் கூரை, எதிரும் புதிருமாக இரண்டு யன்னல், வெளியே ஒரு தண்ணீர்க் குழாய். எதற்கு இவ்வளவு என்று மனைவி கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். நானும் அவளும் எங்கே போவது என்று வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வெளியே வந்த பெயர் சாமான் அறை. மாமா வாயால் சொல்லாததை நானும் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். அவருக்குக் கொடுக்காததை எனக்குக் கட்டிக்கொள்கிறேனே என்று உறுத்தவும் செய்தது.

மகள் விடவில்லை. கட்டினால் ஆவணிக்குள் முடியாது என்றாள். இடத்தை அடைக்கும் என்றாள். ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் காரணம். எனக்குக் கோபம் ஏறியது. வேலைக்காலம் முழுக்கக் களஞ்சியத்தில் கழித்து ஓய்வு பெற்றவனுக்குக் களஞ்சியம் எப்படி என்று இவள் சொல்லித் தருகிறாளா? உள்ளுக்குள் வேறொரு வலியும் இருந்தது. வீட்டை எழுதி வாங்கியவளுக்கு, தாய் தகப்பன் முடங்குகிற இடத்தில் நாலு கல் வைக்க மனம் வரவில்லையே என்ற வலி. மனைவியிடம் அதைச் சொல்லியும்விட்டேன். "வளத்த வளப்பு அப்படி" என்று சேர்த்துச் சொன்னேன். அது மகளின் காதில் விழுந்திருக்கவேண்டும்.

அன்று பின்னேரம் வேலை விட்டு வந்தவள், உடுப்பு மாற்றாமலே என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் நான் கீறிய தாள்.

"அப்பா, இது சாமானுக்குக் கீறின படமா?"

"பின்ன என்னத்துக்கு?"

"மண்வெட்டிக்குத் தண்ணிக் குழாய் எதுக்கு?"

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"நான் சின்னப்பிள்ளையில அம்மப்பாவோட வாசற்படியில இருந்துதான் படிச்சனான். உள்ளுக்க போனா இருமுவார், வெளிய வந்தா இருமல் நிண்டிரும். எனக்கு அது ஞாபகம் இரிக்கு." அவள் தாளை என் முன்னால் நீட்டினாள். "நீங்க கல்லால கட்டினா, எத்தின யன்னல் வைச்சாலும், கல்யாணத்துக்கு அடுத்த நாளே நீங்களும் அம்மாவும் பாயச் சுருட்டிக்கொண்டு அங்க போயிருவீங்க. நான் போகாதீங்க எண்டு கத்தினாலும் நிக்கமாட்டீங்க. தகரத்துக்குள்ள மனிசர் இரிக்கேலா. அதுக்காகத்தான் அத வாங்கச் சொல்லுறன். நீங்க இந்த வீட்டிலதான் இரிக்கணும். அவரிட்டயும் சொல்லித்தான் கல்யாணத்துக்கு ஓமெண்டனான்."

நான் தாளை அவள் கையிலிருந்து வாங்கி மடித்தேன். நான் வந்த வீட்டில், நான் ஒன்பது வருடம் மனதாரச் சொல்லாத சொல்லை, இந்தப் பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள். நீங்கள் இந்த வீட்டிலேயே இருங்கள் மாமா என்று நான் ஒரு நாள் சத்தமாகச் சொல்லியிருந்தால் அவர் மறுத்துத்தான் இருப்பார். மறுத்தாலும், மருமகன் கேட்டான் என்ற ஒன்றோடு போயிருப்பார். மகளுக்கு முன்னால் அழக்கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை.

அடுத்த நாள் காலை பஸ் ஏறிச் செங்கலடிக்குப் போனேன். வரிசையாக நின்ற தகரக் கொட்டில்களில் இருப்பதிலேயே சின்னதைக் காட்டினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா, இதுக்குள்ள ஒரு ஆள் குனிஞ்சுதான் போகேலும். உங்களுக்கு இது காணாதே, இடம் போதாதே."

"காணும்" என்றேன்.