ஸ்கேனர் வேண்டாம் என்ற ஆச்சி

பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, தேவகோட்டையிலிருந்து பழனியப்பன் அண்ணன் எங்கள் ஆபீசுக்கு வந்து மனைவியின் அமெரிக்கா டிக்கெட்டை கேன்சல் பண்ணச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "அவ போகலைங்கிறா. அம்புட்டுத்தேன்" என்றார். மேற்கொண்டு ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வாங்க முடியவில்லை.

காரைக்குடியில் டிராவல்ஸ் கவுண்டரில் உட்கார்ந்து எனக்கு இருபத்தாறு வருடம் ஆகிறது. கேன்சல் எனக்குப் புதிதில்லை. விசா வராமல், காய்ச்சல் வந்து, சம்பந்திகளுக்குள் சண்டை வந்து என்று எத்தனையோ பார்த்தாயிற்று. ஆனால் அவர் மனைவி அழகம்மை ஆச்சி போவது மகளின் தலைப்பிரசவத்துக்கு. மகளுக்கு மாமியார் இல்லை. அங்கே வேறு துணையும் இல்லை. அந்தப் பெண் எனக்கே இரண்டு தடவை போன் போட்டு, "அம்மா தேதிக்கு முன்னாடி வந்துருவாகள்ல?" என்று கேட்டிருந்தது. வந்துவிடுவார் என்று வாக்குக் கொடுத்தவள் நான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது யார்மேல் வந்திருக்க வேண்டிய கோபம் என்பது அப்போது தெரியவில்லை.

முந்தின நாள் நடந்தது இது. ஆச்சி டிக்கெட் பிரிண்ட் வாங்க வந்திருந்தார். கவுண்டரில் ஐந்தாறு பேர் நின்றார்கள். வழக்கம்போல் ரூட்டை விளக்கினேன். சென்னையில் ஏறி, நடுவில் ஓர் ஊரில் மாறி, அமெரிக்காவில் இறங்கியதும் பெட்டியை எடுத்து மறுபடி போட்டுவிட்டு, இன்னொரு செக்யூரிட்டியைத் தாண்டி உள்நாட்டு பிளைட் ஏற வேண்டும். அங்கே பாடி ஸ்கேனர் இருக்கும், கையைத் தூக்கிக்கொண்டு சில வினாடி நிற்க வேண்டும் என்றேன்.

"அதுல போகாம இருக்க முடியாதா செல்வி?" என்றார் ஆச்சி.

இந்தக் கேள்வியை நூறு பேர் கேட்டிருப்பார்கள். துணியில்லாமல் காட்டும் என்று யாரோ கிளப்பிவிட்ட பயம். பதில் என்னிடம் தயாராக இருந்தது. "அதெல்லாம் முன்னாடி ஆச்சி. இப்ப திரையில ஒரு பொம்மைப் படந்தேன் தெரியும். எல்லாருக்கும் ஒரே பொம்மை. மேல ஏதாச்சும் இருந்தா அந்த எடத்துல ஒரு கட்டம் விழும். தாலியில மாட்டுன ஊக்கைக் கழட்டி வச்சிட்டுப் போங்க, போதும்."

"கட்டம் விழுந்தா?"

"என்னன்னு கேப்பாக. தொட்டுப் பாப்பாக."

"எனக்கு அந்த மெஷினு வேணாம்."

"ஏன் வேணாம்? அப்படி என்னத்த ஒளிச்சு வச்சிருக்கீக?" என்றேன். கவுண்டரில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆச்சி பிரிண்டைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

எனக்கு வாய் நீளம். கூட்டத்தைச் சமாளிக்க அது வேண்டும் என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்து வைத்திருந்தேன்.

கேன்சல் போடவில்லை. "நாளைக்குப் போட்டுக்கலாம் அண்ணே" என்று அவரை அனுப்பிவிட்டு, மதியம் தேவகோட்டைக்கு பஸ் ஏறினேன். ஆச்சியை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரவேண்டும் என்றுதான் போனேன்.

ஆச்சி என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "நேத்து கேட்டியே, என்னத்த ஒளிச்சு வச்சிருக்கீகன்னு. சொல்றேன், கேட்டுக்க" என்றார்.

நான்கு வருடம் முன்பு மதுரையில் அவருக்கு ஆபரேஷன் நடந்தது எனக்குத் தெரியும். கர்ப்பப்பை என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். கர்ப்பப்பை இல்லை. புற்றுநோய் என்று இடது மார்பை எடுத்திருக்கிறார்கள். பஞ்சு வைத்துத் தைத்த சின்னப் பை ஒன்றை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்கிறார். கணவரையும் மகளையும் தவிர ஒருவருக்கும் தெரியாது.

"அந்தக் கட்டம் எங்க விழும்னு எனக்குத் தெரியும். பின்னாடி நம்மூரு ஆளு யாராச்சும் நிப்பாக. அந்த ஆபீசருக என்னன்னு கேட்டா, எனக்குப் பாஷை தெரியாது, தொட்டுத்தேன் காட்டணும். இங்க மூடி வச்சத அங்குட்டுப் போயி சபையில தெறக்கணுமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கு. எனக்கு மகளைப் பாக்கணும். வழி இருந்தாச் சொல்லு" என்றார்.

வழி இருந்தது. இருபத்தாறு வருடத்தில் அதை நான் தேடிப் படிக்கவில்லை, அவ்வளவுதான். அன்று சாயங்காலமே உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் ஸ்கேனர் வேண்டாம் என்று பயணி சொல்லலாம். பதிலுக்குக் கையால் சோதிப்பார்கள். பெண்ணைப் பெண்தான் சோதிப்பார். தனி அறை கேட்கலாம். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை, சில நாடுகளில் மறுத்தால் விமானம் ஏற விடமாட்டார்கள். நடுவில் மாறும் ஊரின் விதி எனக்குச் சந்தேகமாக இருந்தது, அதனால் ரூட்டையே மாற்றி வேறு ஊர் வழியாகப் போட்டேன்.

அன்று ராத்திரியே ஆச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஒன்றை மட்டும் பூசி மெழுகவில்லை. "மெஷின் வேணாம்னா கையால பாப்பாக ஆச்சி. நெஞ்சுப் பக்கமும் பாப்பாக. ரெண்டுல ஒண்ணுதேன். எதுன்னு நீங்கதேன் சொல்லணும்."

ஆச்சி யோசித்தார். "பொம்பளதான? கதவைச் சாத்திட்டுத்தான?"

"ஆமா ஆச்சி."

"அப்பக் கையே இருக்கட்டும்."

மறுநாள் ஆபீஸ் உள்ரூமில் ஒத்திகை பார்த்தோம். ஸ்கேனர் வேண்டாம், பெண் அதிகாரி வேண்டும், தனி அறை வேண்டும் என்று இங்கிலீஷில் ஒரு கார்டு டைப் அடித்துக் கொடுத்தேன். கார்டு தொலைந்தால் என்ன செய்வது? வாயிலும் மூன்று சொல் ஏற்றினோம்: "நோ மெஷின். லேடி. ரூம்." அதிகாரியாக நான் நின்றேன். ஆச்சி கையைக் கூப்பி "நோ மெஷின், பிளீஸ் பிளீஸ்" என்றார்.

"கெஞ்சக் கூடாது ஆச்சி. கடையில கத்திரிக்கா வேணாம்னு சொல்லுவீகள்ல, அப்படிச் சொல்லணும்."

"கத்திரிக்கா வேணாம்னாக்கூட கடைக்காரன் ஏன்னு கேப்பானே."

"இவுக கேக்க மாட்டாக. காரணம் சொல்ல வேண்டியதில்ல" என்றேன்.

சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாத ஓர் அதிகாரி கேட்காத கேள்வியை, பதினைந்து வருடமாகப் பழகிய நான் கூட்டத்துக்கு நடுவில் கேட்டிருக்கிறேன்.

ஆச்சி கிளம்பினார். மூன்றாம் நாள் காலையில் மகளின் நம்பரிலிருந்து போன் வந்தது.

"கார்டைக் காட்டுனேன் செல்வி. ஒரு ஆம்பள வாங்கிப் படிச்சான். ஒண்ணும் கேக்கல. ஓரமா நிக்கச் சொன்னான். ரொம்ப நேரம் நின்னேன், பிளைட்டு போயிருமோன்னு கடியாரத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். அப்பறம் ரெண்டு பொம்பளைக வந்து ரூமுக்குக் கூட்டிப் போனாக. அதுல ஒருத்தி புதுசா கையுறை மாட்டுனா. ஒவ்வொரு எடத்தையும் தொடுறதுக்கு முன்னாடி, தன் மேலயே கையை வச்சுக் காட்டி, சரியான்னு கேக்குறா. நெஞ்சுப் பக்கம் வந்தப்ப நானே 'ஆபரேஷன்'னு சொல்லிட்டேன். தலைய ஆட்டிட்டு, புறங்கையால பாத்தா. அம்புட்டுத்தேன், முடிஞ்சிருச்சு."

போனை வைப்பதற்கு முன் சொன்னார்: "ஆஸ்பத்திரியிலகூட என்னைய யாரும் இப்படிக் கேட்டுட்டுத் தொட்டதில்ல."

போனை வைத்துவிட்டு அழுதேன். பத்து நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. ஆச்சி மகளின் பக்கத்திலேயே இருந்தார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். ரூட் சொல்லும்போதே, எந்த நாட்டில் ஸ்கேனரை மறுக்கலாம், எங்கே முடியாது, மறுத்தால் என்ன நடக்கும் என்பதை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். வாயைத் திறந்து கேட்க முடியாதவர்கள்தான் அதிகம். யாராவது வேண்டாம் என்றால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் விளக்குங்கள். விதிகள் மாறும், ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பாருங்கள்.

இதை எழுதலாமா என்று ஆச்சியிடம் கேட்டேன். "பேரை மாத்திட்டு எழுது" என்றார். மாற்றியிருக்கிறேன்.

திரும்பும் டிக்கெட்டுக்குப் போன வாரம் பேசினோம். கார்டு பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"இங்க பக்கத்து வீட்டுல மகனைப் பாக்க வந்தவுக ஒருத்தவுக இருந்தாக. நேத்து ஊருக்குக் கெளம்புனாக. மெஷினு வேணாம்னாக. கார்டை அவுகளுக்குக் குடுத்துட்டேன், எனக்கு இனி வாயே போதும்" என்றார் ஆச்சி. பிறகு சேர்த்துச் சொன்னார்: "ஏன் வேணாம்னு நான் கேக்கல."