வீட்டைச் சுற்றி வேலைக்குப் போகிறவள்

கேற்றைச் சாத்திக் கொழுக்கியைப் போட்டுவிட்டுக் குடையை விரிக்கிறாள் கஜேந்தினி. தோளில் பை, காலில் சப்பாத்து, மடிப்புக் குலையாத சட்டை. "அம்மா, வேலைக்குப் போட்டு வாறன்" என்று குசினிப் பக்கம் பார்த்துச் சொல்லியாயிற்று. ஒழுங்கையில் இறங்கி வலப்பக்கம் திரும்பித் தன் வீட்டு வேலியை ஒட்டியே நடக்கிறாள். கோடியில் நிற்கும் வேப்பமரத்தடியில் மறுபடி திரும்பிக் குச்சொழுங்கைக்குள் இறங்குகிறாள். அதன் முடிவில் அதே வளவின் பின் படலை. அதைத் திறந்து, குடையைச் சுருக்கி, வீட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் அறைக்குள் போய்க் கதிரையை இழுத்து உட்கார்ந்தால் ஒப்பீஸ் வந்துவிட்டது. குசினிக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அம்மா தேங்காய் துருவுவது கேட்கும்.

நான் எதிர்வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். அயலட்டையை உற்றுப் பார்ப்பது படிப்பிக்கிறவளின் தொழிற்குணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சிக்கு மாற்றலாகி வந்த புதிதில் இந்தப் பெண் தினமும் குடைபிடித்துப் போவதும், கொஞ்ச நேரத்தில் அவளுடைய குரல் அவள் வீட்டுப் பின்பக்கமிருந்தே இங்கிலிஷில் கேட்பதும் எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் வழிமறித்து, "எங்கே பிள்ளை வேலை?" என்று கேட்டேன். "பின்னாலதான் ரீச்சர்" என்றாள், சிரிக்காமல்.

வேலை அசல் வேலைதான். வெளிநாட்டுக் கடைகளுக்கும் கொம்பனிகளுக்கும் லோகோ, இணையப் பக்கம், பை, பெட்டி எல்லாம் வடிவமைத்துக் கொடுக்கிற நிறுவனம் அது. அந்த நிறுவனத்துக்கு உலகத்தில் எங்கும் ஒரு கட்டடம் கிடையாது. முதலாளி அம்மா மெல்பேர்னில் தன் வீட்டில், மற்றவர்கள் கண்டி, காலி, மணிலா என்று தங்கள் தங்கள் வீட்டில். கணினித் திரையில் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் வேலையில் இருக்கிறார் என்று கருத்து. நோர்வே நாட்டு நாய் பிஸ்கட்டுக்குக் கஜேந்தினி ஒரு பை வடிவமைத்தாள். அந்தப் பையில் சிரித்துக்கொண்டிருப்பது எங்கள் ஒழுங்கை நாயின் முகம் என்பது நோர்வேக்காரருக்குத் தெரியாது.

வீட்டைச் சுற்றும் வழக்கம் அவள் அம்மா அழகம்மா போட்ட சட்டம். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு, கொழுந்து பறித்த கையோடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து சேர்ந்த சிறுமி அவள். அன்று தொடங்கிக் கச்சான் கடலை பிடுங்கினாள், நெல் வெட்டினாள், முழங்கால் மறுக்கும் வரை கூலிக்குப் போனாள். அவளுக்கு வேலை என்றால் படி இறங்கிப் போவது. மகளுக்கு இந்த வேலை கிடைத்தபோது, "ஊட்டுக்குள்ளயே குந்திக்கிட்டு இருந்தா ஊரு என்னா சொல்லும்? எறங்கிப் போ. போயிட்டு வேணும்னா திரும்பி வா" என்றாளாம். நாற்பது வருடம் வன்னியில் இருந்தும் அழகம்மாவின் பேச்சு இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை.

காலையில் எல்லோரும் திரையில் கூடி அன்றைய வேலையைச் சொல்லும் கூட்டத்துக்கு அழகம்மா வைத்த பெயர் பெரட்டு. தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பார்களே, அது. "பெரட்டுக்கு நேரமாச்சு புள்ள!" என்று குசினியிலிருந்து சத்தம் வரும். பின்னேரம் மகள் படலையால் வெளியேறி, ஒழுங்கையைச் சுற்றி, முன் கேற்றால் வீட்டுக்கு வந்ததும் அடுத்த கேள்வி: "இன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?" பறித்த கொழுந்து நிறைக்குக் காணாவிட்டால் தோட்டத்தில் அரை நாள்தான் போடுவார்கள், அதுதான் அரைப்பேர். கரண்ட் போன நாளில் கஜேந்தினி உண்மையாகவே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அரைப்பேர்தான் அம்மா" என்பாள்.

அப்பா பழனியாண்டி ட்ரக்டர் ஓட்டினவர். கச்சான் மூட்டை கிடந்த அறையை ஒதுக்கி, வெள்ளையடித்து, ஒரு யன்னலும் வெட்டிக் கொடுத்தது அவர்தான். யாராவது கஜேந்தினியைத் தேடி வந்தால், "மகள் வேலைக்குப் போயிருக்கா, அஞ்சு மணிக்கு மேல வாங்க" என்பார். வந்தவருக்கு அவள் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். வந்தவரும் பெரிய மனிதராக, "அப்ப பிறகு வாறன்" என்று போய்விடுவார். இப்படி ஒழுங்கை முழுவதுமே அந்த ஒப்பீஸை நடத்திக் கொடுத்தது.

பின்னேரங்களில் வேலியடியில் நின்று கதைக்கும்போது வேலையைப் பற்றி அவள் நினைப்பதைக் கிண்டிக் கிண்டிக் கேட்டிருக்கிறேன். "தோளுக்கு மேலால ஆரும் எட்டிப் பாக்கிறேல்ல ரீச்சர். வேலை வடிவா இருந்தாச் சரி. பஸ்ஸில நெரிபடத் தேவையில்லை" என்பாள். அதற்கு முன் டவுனில் ஒரு அச்சகத்தில் இருந்தவள். அங்கே முதல் நாளே, எந்த இடம், அதுக்கு முன்னம் எந்த இடம் என்று தோண்டித் தோண்டித் தேயிலைத் தோட்டம் வரை போய்விட்டார்களாம். அதன் பிறகு கூப்பிடுகிற தொனியே மாறிவிட்டது. "இஞ்ச திரையில எல்லாருக்கும் ஒரே அளவுப் பெட்டி. எங்க இருந்து வந்தனி எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவு ஆறுதல்.

கேட்காத இடத்தில் சொல்லவும் தோன்றாது. தன் முகத்துக்குப் பின்னால் புத்தக அலுமாரியும் பூச்சாடியும் உள்ள ஒரு வெளிநாட்டு அறையின் படத்தைப் போட்டுக்கொண்டுதான் அவள் பெரட்டுக்கு நிற்பாள். அலுமாரிக்குப் பின்னால் மண்வெட்டியும் உரப் பையும் சாத்தியிருக்கும். அவளோடு வேலை செய்கிற எல்லோருக்கும் இப்படி ஒரு படம் உண்டு. விது என்று ஒருவனுக்குப் பின்னால் வானத்தை முட்டுகிற கட்டடங்கள். இரண்டு வருடமாக அவனோடு இங்கிலிஷில் கதைத்து, சேர்ந்து வேலை செய்து, ஆளைச் சிங்கப்பூர்க்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

வைகாசியில் பழனியாண்டி உழவு முடித்து வந்து கதிரையில் இருந்தவர், இருந்தபடியே போய்விட்டார். கஜேந்தினி நிறுவனத்துக்கு, குடும்ப அலுவல், மூன்று நாள் லீவு என்று மட்டும் எழுதிப் போட்டாள். துருவிக் கேட்பது அங்கே மரியாதை இல்லை, ஆகவே ஒருவரும் கேட்கவில்லை. அந்த வரிக்குக் கீழே மூன்று பேர் இதயம் போட்டார்கள், ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு உத்தியோகத்தின் நிறை செத்த வீட்டில்தான் தெரியும். இரண்டு வீடு தள்ளி, வங்கியில் இருக்கும் பையனின் தகப்பன் செத்தபோது அவனோடு வேலை செய்பவர்கள் வான் பிடித்து வந்து இறங்கினார்கள், கேற்றடியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டினார்கள். பழனியாண்டி வீட்டுக் கேற்றடி வெறுமையாகக் கிடந்தது. ஒப்பாரியின் நடுவில் அழகம்மா தலையை நிமிர்த்தி, "கஜா, ஒன் வேலை ஆளுங்க ஒருத்தரும் வரலியாடி?" என்று கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகு அந்தப் பிள்ளை அழுதது தகப்பனுக்காக மட்டும் இல்லை.

பிறகொருநாள் எனக்கு அவள் கணினியில் ஒரு பதாகையைக் காட்டினாள். அப்பாவின் படம், சுற்றிவர வெள்ளைப் பூ, கீழே 'இங்ஙனம், மகளுடன் பணியாற்றுவோர்'. அழகென்றால் அப்படியொரு அழகு. செத்த வீட்டன்று விடியவே தானே செய்திருக்கிறாள், அச்சடிக்கக் கொடுக்கவில்லை. "பொய்யைக் கட்டி அப்பாவை அனுப்ப மனம் வரேல்ல ரீச்சர்" என்றாள். "சொல்லாட்டி அவைக்கு எப்பிடித் தெரியும் எண்டு நீங்கள் கேப்பியள். எங்கட ஊரில ஆர் சொல்லி வந்தவை?"

செத்த வீட்டுக்குப் பிறகு அழகம்மா பார்சல் கட்டுவதை விட்டுவிட்டாள். அதுவரை தினமும் சோறும் கறியும் வாழையிலையில் வைத்து, பேப்பரால் சுற்றி, நூலால் கட்டிக் கொடுத்தனுப்புவாள். மகள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து அதைப் பிரித்துச் சாப்பிடுவாள். இப்போது, "ஊட்டுல இருக்கிறவளுக்கு எதுக்குப் பார்சல்? சட்டியில இருக்கு, போட்டுத் தின்னு" என்கிறாள். பெரட்டும் இல்லை, முழுப்பேர் அரைப்பேர்க் கேள்வியும் இல்லை. கூட்டுறவுச் சங்கக் கடையில் காசாளர் வேலை ஒன்று காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு, மகளுக்காகத் தானே நொண்டி நொண்டிப் போய்ப் பேசிவிட்டும் வந்தாள். மகளைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். "சம்பளம் கொறச்சல்தான் ரீச்சர். ஆனா நான் செத்தா நாலு பேரு வருவாங்க இல்ல?" என்று என்னிடம் சொன்னாள். நாளைக்கு நான் செத்தாலும் முழுப் பள்ளிக்கூடமும் வரும் என்ற தைரியத்தில் இருக்கிறவள் நான்.

அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளி, முதலாளி அம்மா மாதம் ஒருமுறை கேட்கிற கேள்வியைக் கேட்டாளாம்: எங்களோடு வேலை செய்வதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? ஆளுக்கொரு வரி சொல்ல வேண்டும். சுதந்திரம், நிம்மதி, நல்ல குழு என்று வரிசையாக எல்லோரும் ஒப்புவித்தார்கள். கஜேந்தினியின் முறை வந்தது. நல்ல வேலை என்று இங்கிலிஷில் தொடங்கினாள். அப்பா செத்துவிட்டார் என்றாள். அதற்கு மேல் இங்கிலிஷ் வரவில்லை. "செத்த வீட்டுக்கு வேலையால ஒருத்தரும் வரேல்லயோ எண்டு அம்மா கேட்டவா. நான் என்னத்தைச் சொல்ல?" என்று தமிழில் கேட்டுவிட்டாள். அப்போது அந்த உயர்ந்த கட்டடங்களுக்கு முன்னால் இருந்த விது தமிழில் கேட்டான்:

"நீங்கள் எவடம்?"

"கிளிநொச்சி. மலையாளபுரம்."

"ஐயோ, நான் புதுக்குடியிருப்பு."

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். முழுப்பெயர் விதுசன். வெயிலில் கறுத்த முகம், தலைக்கவசத்தைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாத தடுமாற்றம். மனைவி கமலாசனியின் கையில் பிஸ்கட், சீனி, ஒரு பைக்கற் தேயிலை. தேநீருக்குக் கை கொடுக்க நானும் போயிருந்தேன். தேயிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அழகம்மா, "எங்களுக்கேவா?" என்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து வந்த முதல் பகிடி அது.

கஜேந்தினிக்கும் விதுசனுக்கும் நேரில் கதைக்க வரவில்லை. எதிரெதிர்க் கதிரையில் இருந்துகொண்டு நிலத்தைப் பார்த்தார்கள். பேசினது கமலாசனிதான். "இவர் வீட்டில நிக்கிறாரோ வேலையில நிக்கிறாரோ எண்டு எனக்கே தெரியிறேல்ல அம்மா. சாப்பிடக் கூப்பிட்டாக் கையைக் காட்டுவார். என்ர தாய், வேலைவெட்டி இல்லாத மாப்பிள்ளை எண்டு இண்டைக்கும் சொல்லிக்கொண்டு இருக்கிறா" என்றாள்.

அழகம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஊட்டச் சுத்தி நடக்கச் சொல்லு புள்ள. கால எடுத்து வெளிய வச்சாத்தான் வேல. நாங்க அப்பிடித்தான்" என்றாள். விதுசன் பயபக்தியோடு தலையாட்டினான்.

எழும்புவதற்கு முன் அவன் தன் போனை அழகம்மாவின் கையில் கொடுத்தான். திரை நிறையப் பெட்டி பெட்டியாக ஆட்கள். ஒருவருக்குப் பின்னாலும் பொய்ப்படம் இல்லை. ஒரு பெட்டியில் கொடியில் காயும் உடுப்பு, இன்னொன்றில் விரித்தபடி கட்டில், முதலாளி அம்மாவுக்குப் பின்னால் கழுவாத கோப்பைகள். "எல்லாரும் ஊட்டுலதானா இருக்காங்க?" என்று கேட்டாள் அழகம்மா. அவர்களுக்கு அது விளங்கியிருக்காது. யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் ஒன்றாக எழும்பி நின்றார்கள். எழும்பியதில் பாதிப் பேரின் தலை பெட்டிக்கு வெளியே போய், வயிறும் இடுப்புச் சாரமும்தான் தெரிந்தன.

"என்னாடி, பெரட்டு நிக்கிறாங்களா?"

"அப்பாவுக்காக நிக்கினம் அம்மா."

அழகம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "போதும். உக்காரச் சொல்லு, கால் வலிக்கும்" என்றாள். போய்விட்டு வருகிறோம் என்று செத்த வீட்டில் சொல்வதில்லை. விதுசனும் கமலாசனியும் பேசாமல் இறங்கிப் போனார்கள்.

அடுத்த நாள் திங்கள். பள்ளிக்கூடத்துக்கு நேரம் போய்க்கொண்டிருந்தும் நான் என் கேற்றடியை விட்டு நகரவில்லை. கஜேந்தினி வழக்கம்போல வந்து கொழுக்கியைப் போட்டாள். "அம்மா, போட்டு வாறன்" என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. குசினியிலிருந்து பதிலும் வரவில்லை. குடையை விரித்தபடி ஒழுங்கையில் நின்றாள். இடப்பக்கம் போனால் சங்கக் கடை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வலப்பக்கம் திரும்பினாள், அடி வாங்கப் போகிற பிள்ளையின் நடை. பஸ்ஸுக்கு எனக்கும் அதுதான் வழி என்று சொல்லிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

குச்சொழுங்கையின் முடிவில் படலை ஏற்கெனவே திறந்திருந்தது. வளவுக்குள்ளால் நொண்டி நொண்டி முந்திக்கொண்டு வந்த அழகம்மா அங்கே மூச்சிரைக்க நின்றாள். போகிறவளைப் பின்னால் கூப்பிடக் கூடாது என்பது அவளுடைய இன்னொரு சட்டம். மகள் குடையைச் சுருக்கும் வரை பொறுத்திருந்து, நூல் கட்டிய பார்சலை அவளுடைய பைக்குள் நிமிர்த்தி வைத்து, சிப்பை இழுத்து மூடினாள்.