இன்னும் ரெண்டே வாரம்

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது விழுந்ததில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய்விட்டது. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்திருந்து, டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுத்து வெண்ணந்தூருக்கு அனுப்பினார்கள். முதுகின் அடியில் ஒற்றை ரூபாய்க் காசு அகலத்துக்கு இருந்த படுக்கைப் புண்ணைப் பற்றி அந்தச் சீட்டில் ஒரு வரிகூட இல்லை. அவரைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார்கள். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தரம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே அவருடைய லாரிக் கூட்டாளிகள் டெம்போ டயர் டியூப் ஒன்றில் காற்றடித்து, பழைய வேட்டியைச் சுற்றிக் கொண்டு வந்தார்கள். புண் நடு ஓட்டையில் இருக்கும், எதிலும் படாது என்பது அவர்கள் யோசனை. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அவர் அதன்மேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தபடி, ரோட்டில் போகிற சத்தத்தை வைத்தே என்ன வண்டி, காலி வண்டியா லோடு வண்டியா என்று சொல்வார். அந்த இருபது நாள் சிரித்த மாதிரி அவர் அப்புறம் சிரிக்கவில்லை.

அதற்குள் புண் உள்ளங்கை அகலமாகிவிட்டது. ராசிபுரத்தில் காட்டினோம், அங்கே சேலத்தைத் திட்டினார்கள். திரும்பவும் சேலத்து ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேர்த்தோம், அங்கே வீட்டைத் திட்டினார்கள். வீடு என்றால் நான்தானே, பதிலுக்கு நானும் நன்றாகத் திட்டினேன். ஒரு நர்சம்மா மட்டும் என்னை உட்கார வைத்து, டியூப் சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும் என்று விளக்கினார். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இடம், வலம் என்று புரட்ட அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

புண் ஆறத் தொடங்கியது. அவர் தினமும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏம் புள்ள, ஊட்டுக்கு எப்பப் போலாம்?"

ஒவ்வொரு தடவை வண்டியில் ஏற்றி இறக்கும்போதும் புண் மோசமானதை நான் பார்த்திருந்தேன். அந்தப் பயம் எனக்கு.

"முழுசா ஆறட்டுங்க மாமா. இன்னும் ரெண்டே வாரம்."

ரெண்டு வாரம் முடிய முடிய இதையே மூன்று தடவை சொன்னேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தார். அது இடப்பக்க முறை, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நெஞ்சில் சளி கட்டி ஐந்தே நாளில் போய்விட்டார். துணி மாற்றும்போது பார்த்தேன், புண் இருந்த இடத்தில் புதுத்தோல் மூடியிருந்தது. நல்லாப் பார்த்துக்கிட்டீங்கக்கா என்று நர்சம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தத் தோலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. புண்ணோடேயே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். கடைசியாக ஒரு நாளாவது வீட்டில் இருந்திருப்பார்.